எக்ஸ்பிரஸுக்கு ஒரு கண்ணாடி வீடு

அத்தான் தெருவில் நேராக நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு தோளை முன்னால் விட்டு, கொஞ்சம் பக்கவாட்டில்தான் நடப்பார். கடைத்தெருவில் கூட்டம் என்றால் இன்னும் மோசம். ஒரு கை கீழே, ஒரு கை மேலே, நடுவில் இல்லாத ஒன்றைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு போவார். கல்யாணமான புதிதில் அக்கா இதைப் பார்த்துப் பயந்துபோய், "இவருக்கு இடுப்புல ஏதாவது கோளாறாடா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். கோளாறு ஒன்றும் இல்லை. மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே கண்ணாடி தூக்கிய உடம்பு. கையில் கண்ணாடி இல்லாத நாளிலும் அதற்கு இடம் விட்டே நடந்தது.

கதவு, ஜன்னல், கடைமுகப்பு ஆகியவற்றுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லாததால் படிப்பை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர், அதே பட்டறையிலேயே தலை நரைக்கும்வரை இருந்தார். யார் வீட்டுக்காவது விருந்தாடியாகப் போனால் நாமெல்லாம் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்ப்போம். அவர் ஜன்னலருகே போய், விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நாலு எம்எம்" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்கு அவர் பேசியது அநேகமாக அவ்வளவாகத்தான் இருக்கும்.

நான் ஒரு செய்தித்தாள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அப்போது கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டு முன்னறையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க ஊரார் எழுதிய வார்த்தைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், எதிரே வார்த்தையே இல்லாத மனிதர் உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அத்தான், வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்பேன். சிரிப்பார். சிரிப்புக்கும் சத்தம் கிடையாது. அப்போது எரிச்சல்தான் வந்தது.

இந்த மனிதரை நம்பித்தான் எங்கள் அப்பா வந்து இறங்கினார், மடியில் ஒரு ஆமையோடு.

அப்பா பேருந்து நிலையத்தில் நேரம் பார்த்தவர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று கூண்டுக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் போகவில்லை. வீட்டில் யாராவது குளிக்கப் போனால்கூட அவர் அறிவித்தால்தான் போன மாதிரி இருக்கும். அவர் வேலையில் இருந்த காலத்தில், கழுவ வந்த ஒரு வண்டியின் கடைசி இருக்கைக்கு அடியில் ஒரு தரையாமை கிடந்தது. யாரோ பயணி விட்டுப்போனது. தேடிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்தார். அம்மா அதற்குக் கீரை போட்டாள், வெள்ளரிக்காய் நறுக்கினாள், தோட்டத்துக்கு ஓரமாக ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். நாங்கள் இருவரும் வளர்ந்து வேறு ஊருக்கு வந்துவிட்டோம். அம்மாவும் இறந்துபோனாள். அந்த வீட்டில் அப்பாவும் எக்ஸ்பிரஸும் மட்டும் மிச்சம்.

ஒருநாள் காலை அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்ட குரல் யாருக்கும் கேட்கவில்லை. திறந்தபடி கிடந்த குழாயின் தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடி வந்ததைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டம்மா கதவை உடைக்க ஆள் கூட்டி வந்தார். தகவல் தெரிந்ததும் அக்கா போட்டது போட்டபடி கிளம்பிப் போனாள். இடுப்பெலும்பு தேறி, கைத்தடியோடு நாலடி வைக்க முடிந்ததும், மறுபேச்சுக்கு இடம் கொடுக்காமல் எங்களோடு அழைத்து வந்துவிட்டாள். அப்பா வண்டியில் ஏறும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். அவர் மடியில் வைத்த காய்கறிக் கூடையில் எக்ஸ்பிரஸ் வந்து சேர்ந்தது.

வந்த அன்றே சாப்பிட உட்காரும்போது அறிவித்தும் விட்டார்.

"பாரும்மா, நான் இருக்கறதும் போறதும் எக்ஸ்பிரஸ் கையில இருக்கு. அதுக்கு இந்த இடம் ஒத்துக்கிச்சுன்னா நானும் இருக்கேன். ஒத்துக்கலன்னா, இந்த மழைக்காலம் விட்டதும் ரெண்டு பேரும் கெளம்பிடுவோம்."

"ஆமை கையிலயா?" என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

அது சாக்கு என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அப்பா ஒரு முறை நேரம் சொல்லிவிட்டால் சொன்னதுதான். கிளம்பச் சொன்ன வண்டியை அவர் தன் வாழ்நாளில் நிறுத்திவைத்ததில்லை. அவர் திரும்பிப் போனால் மறுபடியும் தனியாகத்தான் இருக்க வேண்டும். மறுபடியும் விழுந்தால், அந்த முறையும் குழாய் திறந்திருக்கும் என்று என்ன நிச்சயம்? அக்கா அந்த நாட்களில் எங்கே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஒரு தடவை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவை இடித்தாளே, இடி, நுரையோடு வெளியே வந்து நின்றேன்.

எக்ஸ்பிரஸ் அதுவரை எங்கள் வீட்டுக் குளியலறையில்தான் குடியிருந்தது. வாளியை முட்டும், கதவு மூலையில் போய்ச் சொருகிக்கொள்ளும், குளிக்கப் போகிறவர் காலுக்கடியில் வந்து நிற்கும். வெயில் படாத ஆமை தேறாது என்று அப்பா தினமும் முனகினார். அத்தான் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "பின்னாடி கட்டிடலாம்" என்றார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

பின்கட்டு பெரிய இடமில்லை. துணி துவைக்கிற கல், கொடி, ஒரு கொய்யா மரம், அதற்கப்பால் மதில். சமையலறைப் பின்வாசலிலிருந்து மூன்று படி இறங்க வேண்டும். காலையில் இருந்து உச்சிவரை அங்கே நல்ல வெயில், பிறகு மரத்து நிழல். ஆமைக்கு வேறென்ன வேண்டும்?

"ரெண்டு வரிசை செங்கல் அடுக்கினா போதாதா?" என்றாள் அக்கா.

அத்தான் மதிலைக் காட்டினார். தெருநாய் ஒன்று அதைத் தாண்டி வந்து போய்க்கொண்டிருந்தது. பூனை வேறு. இடுப்புயரத்துக்குச் சுற்றுச்சுவரும் மேலே வலைமூடியும் இல்லாமல் ஆகாது. சரி, இடுப்புயரச் செங்கல் சுவர் எழுப்பினால் படிக்கு மேலே நாற்காலியில் இருக்கும் அப்பாவுக்கு எக்ஸ்பிரஸ் தெரியாது. அவருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு எல்லாமே மங்கல். அசைகிற உருவம் மட்டும் தெரியும். இறங்கிப் போய்க் குனிந்து பார்க்க இடுப்பு விடாது.

"உக்காந்த எடத்துலேர்ந்தே மாமாவுக்குத் தெரியணும்" என்றார் அத்தான். "கண்ணாடி போட்டுடலாம்."

"அதானே பாத்தேன்" என்றாள் அக்கா. "எதக் குடுத்தாலும் இவருக்குக் கண்ணாடிதான். சோறு பொங்கச் சொன்னாலும் கண்ணாடியிலதான் பொங்குவாரு."

அந்த விடுமுறை நாட்களை நான் மறக்கவே மாட்டேன். எனக்கு உடம்பு வளையாது, கொத்து வேலை என்றால் வேப்பங்காய். ஆனாலும் அத்தான் தனியாக மண் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. முழங்கை ஆழத்துக்கு மண்ணை எடுத்தோம். ஆமை தோண்டும் ஜாதி, அடியால் சுரங்கம் போட்டுக்கொண்டு போய்விடும் என்று சுற்றிலும் பட்டைக்கல்லைப் பள்ளத்தில் இறக்கிப் புதைத்தார். மண்ணோடு மணலைக் கலந்து திரும்ப நிரப்பி, மழைத் தண்ணீர் தேங்காமல் வடியும்படி ஒரு பக்கம் சரிவு கொடுத்தார். உடைந்த பெரிய மண்பானை ஒன்றைப் படுக்க வைத்துப் பாதி புதைத்ததும் அதற்குப் படுக்கையறை ஆயிற்று. தண்ணீருக்கு விளிம்பு தாழ்ந்த தட்டு. நான்கு மூலைக்கும் மரச்சட்டம்.

அப்பா பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். "மாப்பிள்ள, வலது பக்கம் தூக்கலா இருக்கே" என்பார். அவருக்கு வலது பக்கமே தெரியாது. அத்தான் தலையை ஆட்டிவிட்டு, என்னை அனுப்பி மட்டம் வைத்துப் பார்க்கச் சொல்வார். மட்டம் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தச் சட்டத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இப்ப சரியா மாமா?" என்று கேட்பார். "இப்ப சரி" என்பார் அப்பா. எனக்கு ரத்தம் கொதிக்கும்.

கண்ணாடி பட்டறையிலிருந்து வந்தது. மூடிப்போன கடை ஒன்றின் முகப்பில் இருந்து கழற்றிய கனமான தகடுகள், ஒரு மூலை உடைந்திருந்ததால் யாருக்கும் வேண்டாமல் சுவரில் சாய்ந்து கிடந்தவை. அத்தான் முதலாளியிடம் கேட்டு வாங்கி, அங்கேயே அளவுக்கு வெட்டி, வண்டியில் நிறுத்திவைத்துக் கொண்டுவந்தார். ஓரங்களை ஈரக்கல்லில் தேய்த்துத் தேய்த்து மழுக்கினார். ஆமைக்கு எதற்கு இவ்வளவு மழமழப்பு என்று கேட்டேன். என் விரலைப் பிடித்து விளிம்பில் ஓடவிட்டார். தேய்த்து முடித்த சோப்பு மாதிரி இருந்தது. பிறகு தகடுகளைச் சட்டத்தில் இறக்கி, பசை வைத்து, வலைமூடிக்குக் கீல் பூட்டி முடித்தார்.

கடைசியில் துடைப்பு. அதைச் சொல்லாமல் விட்டால் அத்தானைச் சொன்னதாகாது. பழைய செய்தித்தாளை நனைத்துக் கசக்கி, மேலிருந்து கீழாகத் துடைப்பார். அப்புறம் காய்ந்த தாளால் ஒரு முறை. அப்புறம் வாயால் ஊதி, ஊதிய இடத்தை மறுபடியும். நான் கண் விழித்துப் பிழை திருத்திய பக்கங்களாலேயே துடைத்தார் என்பது வேறு விஷயம். முடித்தபோது அங்கே கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. அக்கா காயப்போட வந்தவள் அந்தப் பக்கம் துண்டை வீசினாள், துண்டு பாதி வழியில் நின்று வழுக்கி விழுந்தது. அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முதல் மார்க் வாங்கிய பையனுக்குக்கூட அவ்வளவு வெட்கம் வராது.

"தெரியுதா மாமா?"

"நல்லாத் தெரியுது மாப்பிள்ள. நடுவுல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்து விட்டோம். சிறிது நேரம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. பிறகு கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்தது. பிறகு நடந்தது. நேராக வந்து கண்ணாடியில் மூக்கை இடித்தது. பின்வாங்கி, கொஞ்சம் தள்ளிப் போய், மறுபடி இடித்தது. நாங்கள் சிரித்தோம். புது இடம், பழகும் என்றோம்.

பழகவில்லை. மறுநாளும் அப்படியே. விடிந்ததும் தொடங்கும். கண்ணாடியை ஒட்டியே இந்த மூலையிலிருந்து அந்த மூலை, அங்கிருந்து திரும்ப. முன்னங்காலால் கண்ணாடியைப் பிராண்டும். ஓடு உரசும் சத்தம் சமையலறைவரை கேட்கும். போட்ட கீரை போட்ட இடத்திலேயே வாடியது. பானைக்குள் எட்டியும் பார்க்கவில்லை. கண்ணாடி ஓரமாக மண்ணில் ஒரு தடமே விழுந்துவிட்டது. மூக்கு நுனி தேய்ந்து சிவந்து புண்ணாயிற்று. அக்கா மருந்துக்கடையில் களிம்பு வாங்கி வந்து தடவினாள். தடவிவிட்டு இறக்கினால் களிம்போடு போய் முட்டியது.

அப்பாவுக்கு அசைவுதானே தெரியும். அந்த அசைவைத்தான் நாள் முழுக்க நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எக்ஸ்பிரஸ் கெளம்பிடுச்சு" என்பார் காலையில். சிரித்துக்கொண்டே சொல்வார், முதல் நாட்களில். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அதுக்கு ஊரு ஞாபகம் வந்துடுச்சும்மா. எந்தப் பக்கம்னு தெரியாம தேடுது. வாயில்லாத ஜீவன், வேற எப்படிச் சொல்லும்?" என்பார். அவர் குரலில் எங்கோ ஒரு திருப்தியும் இருந்தது. தனக்காகப் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்ட திருப்தி.

மழை விட்டது. வானம் வெளுத்த அன்று அப்பா தன் பெட்டியைக் கட்டிலுக்கு மேலே எடுத்துவைத்து, சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தார்.

"நாளான்னிக்குக் காலையில வண்டி பாத்துக் குடுடா" என்றார் என்னிடம்.

அக்கா முதலில் கத்தினாள், பிறகு அழுதாள், பிறகு மறுபடியும் கத்தினாள். டாக்டர் என்ன சொன்னார் என்றாள். ஊர் என்ன பேசும் என்றாள். விழுந்து கிடந்ததை மறந்துவிட்டீர்களா என்றாள். நானும் என் பங்குக்கு நீட்டி முழக்கினேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இன்னொரு சட்டையை மடித்தார். அத்தான் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மனுஷன் ஒரு வார்த்தை "இருங்க" என்று சொல்லக்கூடாதா? அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, இன்று இவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று கிளம்பினேன். அவருக்கு அன்றைக்கு ஒரு புதுத் துணிக்கடையில் வேலை. வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நல்ல நல்ல வாக்கியங்களாக வந்தன. கடைக்குள்ளே அத்தான் குனிந்து ஒரு டப்பாவில் எதையோ கலக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. "அத்தான்" என்று குரலை உயர்த்திக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நுழைந்தேன்.

நுழையவில்லை. மூக்கில் இடி விழுந்தது. டப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஆள் உயரத்துக்கு மேலே முகப்புக் கண்ணாடி. சற்று முன்புதான் பொருத்தித் துடைத்திருக்கிறார். அத்தான் கலக்கிக்கொண்டிருந்தது சுண்ணாம்புக் குழம்பு. புதுக்கண்ணாடி பொருத்தினால் அதில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவது அந்தத் தொழிலில் வழக்கம். கண்ணாடி இருக்கிறது, வந்து முட்டாதே என்று அர்த்தம். கடை திறக்கிற அன்றுதான் அதை அழிப்பார்கள். அதைப் போடப் போகிற நேரத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

ஓடி வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தார். மூக்கிலிருந்து ரத்தம். நான் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அவர் என் முகத்தைத் தூக்கிப் பிடித்து என் மூக்கையே பார்த்தார். இடிபட்டுச் சிவந்த மூக்கு. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தார்.

"மச்சான்" என்றார் மெதுவாக. "மனுஷங்களுக்கெல்லாம் போட்டேன். அதுக்குப் போடலையே."

"எதுக்கு?"

"எக்ஸ்பிரஸுக்கு. அது ஊருக்குப் போகல மச்சான். கண்ணாடி தெரியாம முட்டுது."

எத்தனை வருஷம், எத்தனை கடை. ஒரு தகடுகூடக் குறி போடாமல் விட்டதில்லை. வீட்டில் மட்டும், மாமாவுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்கிற ஆசையில், துடைத்துத் துடைத்துக் கண்ணாடியையே காணாமல் அடித்துவிட்டார். வேறு யாராவது கட்டியிருந்தால் கண்ணாடியில் விரல் தடமும் தூசியும் இருந்திருக்கும், ஆமையின் மூக்கு தப்பியிருக்கும்.

துணிக்கடைக் கண்ணாடிக்கு அவசரமாக ஒரு குறி போட்டுவிட்டு, முதலாளியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். சுண்ணாம்பு டப்பா என் கையில், பஞ்சு என் மூக்கில். அப்பா நாற்காலியில் இருந்தார். பெட்டி அவர் பக்கத்தில் இருந்தது. அத்தான் நேராகப் போய் நான்கு தகட்டிலும் நான்கு பெருக்கல் குறி போட்டார். எக்ஸ்பிரஸ் வந்தது. குறியின் இரண்டு காலுக்கும் நடுவில் பார்த்து முட்டியது.

"மனுஷனுக்குப் போடற உயரத்துல போட்டா அது எப்படிப் பாக்கும்?" என்றேன், மூக்கால்.

அத்தான் மூடியைத் திறந்து உள்ளே இறங்கினார். வேலைச் சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, எக்ஸ்பிரஸ் பார்க்கிற உயரத்தில் பார்த்தார். அந்த மண்ணில் அவர் அப்படி வெகுநேரம் கிடந்தார். எழுந்து வந்து, வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சியிருந்த வெள்ளைப் பெயின்டை எடுத்தார். கண்ணாடியின் அடியில், ஒரு சாண் உயரத்துக்கு, நான்கு பக்கமும் ஒரே பட்டையாக வெளிப்புறத்தில் அடித்துக்கொண்டு வந்தார். மேல்பாதியைத் தொடவில்லை. படிக்கு மேலே இருக்கிறவருக்கு மேல்பாதி வழியாக எல்லாம் தெரியும். கீழே இருக்கிறதுக்கு இப்போது சுவர்.

எக்ஸ்பிரஸ் வந்தது. பட்டைக்கு முன்னால் நின்றது. கழுத்தை நீட்டியது, இழுத்தது. பக்கவாட்டில் சிறிது போய்ப் பார்த்தது. அங்கேயும் வெள்ளை. அப்புறம் வழக்கம்போல் பிராண்டவில்லை. உடம்பைத் திருப்பி, நடுவில் கிடந்த கீரையிடம் போய், ஒரு இலையை இழுத்துத் தின்றது. இன்னொரு இலை. தின்று முடித்துப் பானை வாயில் படுத்து, நான்கு காலையும் பரப்பி வெயில் காய்ந்தது.

அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "அப்பா, எக்ஸ்பிரஸ் நின்னுடுச்சுப்பா. சாப்புடுது பாருங்க" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். எனக்கும் மூக்கு வலி போன இடம் தெரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அசைகிற உருவத்தைத் தேடியிருப்பார். இப்போது அங்கே எதுவும் அசையவில்லை.

"அப்போ, அது ஊருக்குப் போகணும்னு நடக்கலையா?" என்றார்.

"இல்ல மாமா" என்றார் அத்தான். "கண்ணாடி இருக்கறது தெரியல. வழின்னு நெனச்சிடுச்சு. இப்ப செவுரு தெரியுது, நின்னுடுச்சு."

"ஊரு ஞாபகம் அதுக்கு இல்ல?"

"இருக்கற மாதிரி தெரியல மாமா."

அப்பா தலையை ஆட்டினார். கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அப்ப நான் மட்டுந்தானா?" என்றார்.

நாங்கள் யாரும் இதை யோசிக்கவே இல்லை. ஆமையைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம். ஊரை நினைத்து ஏங்குவதற்கு அவருக்கு ஒரு கூட்டு இருந்தது, அதையும் பறித்துவிட்டோம். அந்தக் குரலில் அறிவிப்பு இல்லை, மிரட்டல் இல்லை. வயதான ஒருவர் தனியாக நின்றார், அவ்வளவுதான். அக்கா, "இல்லப்பா, உங்க ஒடம்பு இருக்கற இருப்புக்கு..." என்று தொடங்கினாள்.

"அதெல்லாம் சொல்லிட்டீங்கம்மா" என்றார் அப்பா.

சொல்லித்தான் இருந்தோம். டாக்டரைச் சொன்னோம், ஊர்வாயைச் சொன்னோம், விழுந்ததைச் சொன்னோம்.

அத்தான் படியேறி வந்தார். கையெல்லாம் பெயின்ட், சட்டையெல்லாம் மண், ஒரு கன்னத்திலும் மண். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் தூக்கிப் பிடித்தபடி நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினார்.

"மாமா, எங்க அப்பா மொகம் எனக்கு ஞாபகமில்ல. ஃபோட்டோகூட இல்ல. வேலை முடிஞ்சு வர்றப்ப எந்த வீட்டுலயாவது வாசல்ல பெரியவங்க உக்காந்து, 'ஏன்டா லேட்டு'ன்னு கேட்டா, நின்னு பாத்துட்டு வருவேன். இப்ப நீங்க கேக்கறீங்க. நீங்க வந்தப்புறம்தான் நான் சீக்கிரம் வீட்டுக்கு வரேன், அவளக் கேட்டுப் பாருங்க. எக்ஸ்பிரஸ விடுங்க. உங்க ஒடம்பையும் விடுங்க. உங்களுக்கு ஊரு ஞாபகம் வந்தா நான் கூட்டிட்டுப் போறேன், திரும்பக் கூட்டிட்டு வரேன். போகாதீங்க மாமா. எனக்காக இருங்க."

அவ்வளவு வார்த்தைகளை அவர் ஒருசேரப் பேசி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

அப்பா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கையை நீட்டித் துழாவி, அத்தானின் கன்னத்தைத் தொட்டு, அங்கே ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டார்.

"இதச் சொல்றதுக்கா மாப்பிள்ள, இவ்வளவு கண்ணாடி தூக்கிட்டு வந்தீங்க?" என்றார்.